முப்பத்தாறு போல்ட்

ஜூலை 18, 2025 – வெள்ளி

வேதியியல் தேர்வில் நாற்பதுக்கு முப்பத்தேழு. மூன்று மதிப்பெண் எங்கே போனது என்று ஆசிரியையிடம் கேட்டேன். "பதினொண்ணாவதுலயே இவ்வளவு கணக்கு பாக்காதம்மா" என்றார். எப்போது பார்ப்பது?

அக்கா நேற்று வந்துவிட்டாள். கல்யாணமாகி முதல் ஆடி என்பதால் மாதம் முழுக்க எங்கள் வீட்டில்தான். புகுந்த வீடான கிளியனூரிலிருந்து ஒரே ஒரு பை கொண்டுவந்திருக்கிறாள். வந்ததிலிருந்து தூங்குகிறாள். முன்பெல்லாம் நான் கதை வாசித்தால் கடைசிவரை கேட்பாள். இன்று இரண்டாம் பக்கத்திலேயே கண்ணை மூடிவிட்டாள். கோபப்படக் கூடாது.

ஜூலை 20 – ஞாயிறு

ஜெயப்பிரகாஷ் மாமா காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். ஆடியில் மாப்பிள்ளை இரவு தங்கக் கூடாது, பகலில் வந்து விருந்து சாப்பிட்டுப் போகலாம். இது அம்மாவின் சட்டம். ஆனால் அவர் விருந்துக்கு மட்டும் வரவில்லை. அப்பா கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த டூரிங் பைக்கை வாசல் தகரக் கொட்டகையில் நிறுத்தி, ஸ்பேனர் பையைப் பிரித்தார். செப்டம்பரில் நண்பர்களோடு கோவா போகிறாராம். அதற்குள் வண்டியில் கூடுதலாக மாட்டியதை எல்லாம் கழற்றி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, புது போல்ட் போட்டு மாட்ட வேண்டும்.

"கிளியனூருலயே பண்ணலாமே மாப்ள, இங்க உப்புக் காத்து" என்றார் அப்பா. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உடனே உப்பளம்தான். அப்பா அங்கே மேஸ்திரி.

"அங்க யாரு மாமா எனக்கு ஹெல்ப்பு? இங்கதான ஒரு மெக்கானிக் மேடம் இருக்காங்க" என்று என்னைக் காட்டினார்.

கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் படித்துச் சொன்னேன், அவர் கழற்றினார். பக்கப் பெட்டி இரண்டு, பின்னால் டாப் பாக்ஸ், அவற்றைத் தாங்கும் கம்பிச் சட்டங்கள், கிராஷ் கார்டு, பனி விளக்கு இரண்டு. மொத்தம் முப்பத்தாறு போல்ட். ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி பிஸ்கட் டப்பாக்களில் போட்டேன். ஒரு தாளில் பத்தி பிரித்து எண், இடம், நீளம், யார் கை வைத்தது என்று குறித்தேன். 'ஜெ' என்றால் மாமா. 'செ' என்றால் செந்தமிழாகிய நான்.

"யாருன்னு எதுக்கு எழுதுற?"

"தப்பு வந்தா யாருன்னு தெரியணும்ல மாமா."

விழுந்து விழுந்து சிரித்தார். "வைஜு, உன் தங்கச்சிக்கு இருக்கிற மூளையில பாதி உனக்கு இருந்திருந்தா நான் ஏன் ஊர் ஊரா சுத்தப் போறேன்?"

அக்கா எலுமிச்சை ஜூஸ் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். யாராவது என்னைப் பாராட்டினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. இது ஒரு குறை, திருத்திக்கொள்ள வேண்டும்.

கையேட்டில் எனக்குப் பிடித்த வரி: மாட்டுவதற்கு, கழற்றிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றவும். எவ்வளவு எளிமையாக இருக்கிறது.

ஜூலை 27 – ஞாயிறு

அக்கா துருவைத் தேய்த்தாள், மாமா பெயின்ட் அடித்தார், நான் கையேட்டின் மின் இணைப்புப் பகுதியைப் படித்து முடித்தேன்.

ஆகஸ்ட் 3 – ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

அக்காவுக்கு மஞ்சள் கயிறு மாற்றினார்கள். புளிசாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் இருந்தது. மாமாவுக்கு மட்டும் தனியாக நண்டு.

சாப்பிட்டபின் வண்டியில் ஏறப்போகும் மொத்த எடையைக் கணக்கிட வேண்டும் என்றார். உப்பு மூட்டை போடும் தராசை அப்பா கொட்டகைக்கு இழுத்து வந்தார். ஒவ்வொன்றாக வைத்து நான் எழுதினேன். பக்கப் பெட்டிகள் பன்னிரண்டு கிலோ, டாப் பாக்ஸ் நாலரை, கிராஷ் கார்டு ஐந்து.

"அடுத்து பெரிய ஐட்டம்" என்றார் மாமா. "வைஜு, ஏறு."

அக்கா சிரித்தபடி வேண்டாம் என்றாள். அம்மா இருந்தாள், அப்பா இருந்தார், தேங்காய் பறிக்க வந்த கலியனும் இருந்தார்.

"ஏறுன்னு சொன்னேன்ல?"

ஏறினாள். முள் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்து, "அறுபத்தொண்ணு! டேய் கலியா, ஒரு மூட்ட உப்பு தேவல போலக்கீதே!" என்று கத்தினார். "எழுதிக்கோ மெக்கானிக். எக்ஸ்ட்ரா ஃபிட்டிங், ஒண்ணு, அறுபத்தொரு கிலோ. இத மட்டும் கழட்ட ஸ்பேனர் கிடைக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுதினேன். டாப் பாக்ஸுக்கு அடுத்த வரியில், அழகான கையெழுத்தில்.

சாயங்காலம் கிளம்பும்போது, "போயிட்டு வரேன் அறுபத்தொண்ணு" என்றார்.

ஆகஸ்ட் 5 – செவ்வாய்

மூன்று நாளாக அக்கா ராத்திரிச் சோறு வேண்டாம் என்கிறாள். வயிறு சரியில்லையாம். தாளில் அந்த அறுபத்தொரு கிலோ வரியை ரப்பரால் அழிக்கப் பார்த்தேன். பேனாவால் எழுதியது.

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

இதை எழுத வேண்டுமா? எழுதத்தான் வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

டாப் பாக்ஸ் சட்டத்தில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்தோம். அக்கா இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மாமா அடியில் போல்ட்டை நுழைக்கும்போது போன் வந்தது. "அப்படியே புடி, நகராத" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு வெளியே போனார். கோவா போகிற நண்பர் அந்தோணிராஜோடு ஏதோ ஓட்டல் பற்றிப் பேச்சு. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நான் பிடிக்கிறேன்க்கா என்றேன். "வேணாம்டி, அவரு என்னைத்தான் புடிக்கச் சொன்னாரு" என்றாள். அவள் கை உதறத் தொடங்கியது. பெட்டி வழுக்கி, சட்டத்தில் உரசி, கீழே விழுந்தது.

மாமா மெதுவாக வந்தார். கத்தவே இல்லை. பெட்டியைத் தூக்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். பெயின்ட் போய் ஒரு கோடு.

"மெக்கானிக், டேப்பு எடு. எவ்ளோ நீளம் பாரு."

எடுத்தேன். பார்த்தேன். "ஏழு சென்டி மாமா."

"ஏழா? நல்லா பாத்தியா?"

"ஏழு."

நான் ஏன் இரண்டு முறை சொன்னேன்? அவர் அக்காவின் இடது கையைப் பிடித்துத் திருப்பினார். புது போல்ட்டின் மரை முனையை முழங்கைக்குக் கீழே வைத்து அழுத்தி இழுத்தார். மெதுவாக, ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிற மாதிரி. பிறகு என் கையிலிருந்த டேப்பை வாங்கி அதன்மேல் வைத்தார்.

"ஆறரைதான் வந்துது. சரி, அரை தள்ளுபடி."

சிரித்தார். அக்காவும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அம்மா உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

போகும்போது இடது பக்கத்துப் புது போல்ட் பதினாலையும் டப்பாவோடு என்னிடம் கொடுத்தார். "லெஃப்டு உன் பொறுப்பு, ரைட்டு என் பொறுப்பு. கறுப்பு போல்ட்டு, கிரீஸ்ல முக்கித்தான் போடணும். இல்லன்னா துரு சாப்புட்டுடும். உன்ன நம்பித்தான் குடுக்கறேன்."

ஆகஸ்ட் 11 – திங்கள்

அம்மா கேட்டதற்கு வேலிக்காத்தான் முள் கிழித்தது என்றாள் அக்கா. நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஏழு என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு இதைச் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 15 – வெள்ளி

பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமா பத்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

இடையில் ஒரு மணி நேரம். நான் செய்தது:

உப்பளத்தில் கடைசிப் பாத்திக்குப் போனேன். உப்பு எடுத்தபின் அடியில் தேங்கி நிற்கும் தண்ணீர் எண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கும். கை வைத்தால் எரியும். அதை ஒரு பாட்டிலில் பிடித்தேன். பதினாலு போல்ட்டையும் அதில் ஊறப்போட்டேன். மாமா வந்ததும் வலது பக்கம் உட்கார்ந்தார், நான் இடது பக்கம். என் பழைய இங்க் ஃபில்லரால் ஒவ்வொரு துளையிலும் ஐந்து சொட்டு விட்டேன். போல்ட்டை முறுக்கினேன். தலையில் மட்டும் கிரீஸ் தடவினேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது.

இரும்பு, உப்பு, ஈரம், காற்று. பாடத்தில் படித்ததுதான். கோவா போகிற வழியில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றப் பெட்டியைக் கழற்ற வேண்டும், அது வராமல் இறுகிக்கொள்ளும். நண்பர்கள் முன்னால் நடுரோட்டில் உட்கார்ந்து அவர் இழுக்க வேண்டும், இழுக்க இழுக்க வரக் கூடாது, அவ்வளவுதான். யாருக்கும் அடிபடாது. ஒரு மனுஷன் அவமானப்படணும், அவ்ளோதான?

"கிரீஸ் போட்டியா?" என்று கேட்டார்.

"போட்டேன் மாமா."

தாளில் பதினாலு வரிக்கும் 'செ' என்று போட்டேன். வழக்கம் மாறினால் சந்தேகம் வரும் அல்லவா. அவர் அதை மடித்து டாப் பாக்ஸில் வைத்துக்கொண்டார். "லைஃப்ல இவ்ளோ நீட்டா யாரும் எனக்கு வேலை செஞ்சதில்ல" என்றார்.

இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 17 – ஞாயிறு, ஆவணி ஒன்று

அக்காவை அழைத்துப் போய்விட்டார். புறப்படும் முன் அக்கா பைக்கைக் கழுவித் துடைத்தாள், ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல். வண்டி கூனிமேடு பக்கம் திரும்பும்வரை அம்மா கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் இடது பக்கப் பெட்டியை மட்டும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 31 – ஞாயிறு

நூலகத்தில் உலோகங்கள் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்குமாம், அதனால்தான் இறுகுகிறதாம். இரண்டு முறை படித்தேன்.

செப்டம்பர் 14 – ஞாயிறு

அக்கா போன் செய்தாள். கோவா பயணம் நின்றுவிட்டது! கிளம்புகிற நாளுக்கு முன்பே பெட்டியைக் கழற்றிப் பார்த்தாராம், இடது பக்கம் வரவேயில்லையாம். நடுவழியில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற முடியாது என்று நண்பர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். எனக்கு ஒரு நொடி நெஞ்சு குதித்தது.

"என்னாச்சுன்னு தெரியலடி. நான்தான் பாத்தித் தண்ணியில வண்டிய கழுவுனேன்னு சொல்றாரு. நான் பம்புத் தண்ணியிலதான கழுவுனேன்? நீ பாத்ததான?"

"பாத்தேன்க்கா."

"அதச் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. சரி விடு, நீ படிக்கிறியா?"

ஒரு வார்த்தை. அப்போதே சொல்லியிருக்கலாம். நான் படிக்கிறேன் என்று சொன்னேன்.

செப்டம்பர் 21 – ஞாயிறு

அக்கா போன் எடுக்கவில்லை.

அக்டோபர் 5 – ஞாயிறு

அம்மாவுக்குத் தெரியாமல் எங்கள் பக்கத்து வீட்டு சாலம்மாள் போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா குசுகுசுவென்று பேசினாள்.

பதினாலு போல்ட்டையும் அவள்தான் கழற்ற வேண்டுமாம். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே கூடாது, சுத்தியல் கூடாது, வெறும் ஸ்பேனரும் கையும் மட்டும். சாயங்காலம் உட்கார வைத்துவிடுகிறார். ஒரு போல்ட் வந்தால்தான் அன்றைக்கு ராத்திரிச் சோறு.

"எத்தினி வந்துருக்கு?"

"எட்டு."

"எவ்ளோ நாளா?"

அதை விட்டுவிட்டு, "நகம்லாம் போச்சுடி" என்றாள், ஏதோ வேடிக்கை சொல்கிற மாதிரி.

நான் நினைச்சது அவரு ரோட்டுல உக்காரணும்னுதான். அக்கா உக்காருவான்னு எனக்கு எப்படித் தெரியும்? எப்படித் தெரியும் – தெரிஞ்சிருக்கணும். அவரு கைய அசைக்கிற ஆளா? அந்த வீட்டுல எது தப்பானாலும் யாரு உக்காருவா? மூணு மதிப்பெண் எங்க போச்சுன்னு கேக்கத் தெரியுது, இது தெரியல.

கழற்றிய வரிசையைத் தலைகீழாக. எங்கேயிருந்து தொடங்குவது?

அக்டோபர் 20 – திங்கள், தீபாவளி

தலை தீபாவளி. விடியும் முன்பே மழை. இருவரும் பைக்கில் நனைந்து வந்தார்கள். அக்காவின் பட்டுப்புடவை ரவிக்கை தோளில் நிற்கவில்லை.

"இன்னாடி இப்படி எளச்சிட்ட?" என்றாள் அம்மா.

"அறுபத்தொண்ணு இப்ப அம்பத்துமூணு அத்த. வண்டிக்கு மைலேஜ் ஏறிடுச்சு" என்றார் மாமா. அம்மா அதற்கும் சிரித்தாள். மாப்பிள்ளை சொன்னால் சிரிக்க வேண்டும் என்று யார் அவளுக்குச் சொல்லித் தந்தார்கள்?

எண்ணெய் தேய்த்துவிடும்போது அக்காவின் கையைப் பார்த்தேன். வலது கையில் மூன்று விரலில் நகமே இல்லை. இருக்கிற நகங்களின் ஓரத்தில் துரு நிறம், சீயக்காய்க்கும் போகவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மாமா கொட்டகையில் நாற்காலி போட்டு அதிரசத்தோடு உட்கார்ந்தார். "இன்னும் ஒண்ணுதான் பாக்கி. வைஜு, நல்ல நாளும் அதுவுமா அதையும் முடிச்சிடு."

பட்டுப்புடவையை முழங்காலுக்குள் சொருகிக்கொண்டு அக்கா வண்டியின் இடது பக்கம் உட்கார்ந்தாள். எதுவும் கேட்காமல், எங்கே பிடிக்க வேண்டும் என்று பார்க்காமலேயே ஸ்பேனரை வைத்தாள்.

அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"மாமா, அது நான்தான். அக்கா இல்ல. பாத்தித் தண்ணிய நான்தான் ஊத்துனேன். இங்க் ஃபில்லர்ல. அக்காவுக்கு எதுவும் தெரியாது. அவள விடுங்க."

மாமா விரலில் ஒட்டிய அதிரசத்தை நக்கினார். எழுந்து டாப் பாக்ஸைத் திறந்து என் தாளை எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்.

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"துரு புடிச்சது பூரா 'செ'. என் 'ஜெ' ஒண்ணுகூட புடிக்கல. தப்பு வந்தா யாருன்னு தெரியணும்னு நீதான சொன்ன? மொத நாளே தெரியும் மெக்கானிக்."

"தெரிஞ்சுமா அக்காவ–"

"உன்ன நான் இன்னா பண்ண முடியும்? ஸ்கூல் போற பொண்ணு, ஊரு பேசும். அவ என் வீட்டு ஆளு." அடுத்த அதிரசத்தை எடுத்தார். "நீ செஞ்ச, அவ பட்டா. கணக்கு சரியாத்தான கீது?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். ரொம்ப நேரம். நான் கீழே பார்த்துவிட்டேன்.

பிறகு குனிந்து அந்தக் கடைசி போல்ட்டைக் கழற்றி மண்ணில் போட்டாள். எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் பின்னால் நகர்ந்து, அவள் கால் வைத்துக்கொள்ளும் ஃபுட்ரெஸ்டைக் கழற்றினாள். சுற்றிவந்து வலது பக்கத்தையும் கழற்றினாள். இரண்டுக்கும் சேர்த்து நாலு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மாதத்தில் எங்கள் மூவரில் நல்ல மெக்கானிக் அவள்தான் ஆகியிருக்கிறாள்.

"ஏய், அது எதுக்கு?" என்றார் மாமா.

"எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்" என்றாள் அக்கா. இரண்டையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மாமா சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "சரி, எங்க போயிடுவா? நடந்து வரட்டும்" என்று வண்டியை எடுத்தார். அம்மா "மாப்ள, மாப்ள, இருங்க" என்று மழையில் ரோடுவரை ஓடினாள். அப்பா, மாமா உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அப்பா இன்று முழுக்கச் செய்தது அது ஒன்றுதான்.

அக்டோபர் 23 – வியாழன்

அக்கா என்னோடு பேசவில்லை. நான் போட்ட சோற்றை நகர்த்திவைத்துவிட்டு, தானே போட்டுச் சாப்பிடுகிறாள். ஆனால் சாப்பிடுகிறாள்.

நவம்பர் 9 – ஞாயிறு

அம்மா தினமும் கேட்கிறாள்: எப்ப போகப் போற? ஊருக்கு என்ன பதில் சொல்றது? இதையெல்லாம் ஆரம்பித்த நான் எதிரில் பாடம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. மாமா சொன்னது சரிதான், ஸ்கூல் போற பொண்ணு.

நவம்பர் 23 – ஞாயிறு

பாத்திகள் எல்லாம் மழைத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கின்றன. வரப்புகூடத் தெரியவில்லை. ஜனவரிவரை அப்பாவுக்கு வேலை இல்லை. கிளியனூரிலிருந்து போன் இல்லை.

அக்கா ஒவ்வொரு ஞாயிறும் அந்த இரண்டு ஃபுட்ரெஸ்டையும் எடுத்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியால் துடைத்து, மரையில் கிரீஸ் தடவி, பிஸ்கட் டப்பாவில் வைக்கிறாள். எதற்கு என்று அம்மா இன்று கேட்டாள்.

"வந்து கூப்ட்டா மாட்டணுமே" என்றாள் அக்கா.

போகவா போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் இடம் எனக்கு இல்லை. டப்பாவைத் தன் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் முதல் முறையாக நான் அவளிடம் பேசினேன்.

"மழைக்காலம்க்கா. பாத்தியில உப்பே இல்ல. எதுக்குப் பூட்டு?"

அவளும் முதல் முறையாகப் பதில் சொன்னாள்.

"நீ இருக்கியே."